நேபாளத்துக்குக் களப்பயிற்சி: ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ எழுதச் சொல்கிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கருங்கல் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில் நிலவியல் துறையில் வேலை பார்க்கிறேன். வரும் நவம்பரில் பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எம்.எஸ்சி. மாணவர்களை நேபாளத்துக்கு அழைத்துப் போகத் திட்டம். காத்மாண்டுவில் இறங்கி, மலேகு பக்கம் பாறைகளைப் பார்த்துவிட்டு பொக்காரா, அங்கிருந்து காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியாக ஜோம்சோம், முக்திநாத் வரை. இமயமலையின் அடுக்குகளைத் தெற்கிலிருந்து வடக்காக ஒரே சாலையில் பார்த்துவிடலாம், உலகம் முழுக்க நிலவியல்காரர்கள் போகிற வழிதான்.

அவர்கள் பக்கமிருந்து ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’, அதாவது அபாய மதிப்பீடு என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஆபத்தையும் எழுதி, நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, விளைவுக்கு 1 முதல் 5 போட்டு, இரண்டையும் பெருக்கி, வரும் எண்ணுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு பூச வேண்டுமாம். எங்கள் கல்லூரியில் டூர் என்றால் பெற்றோர் சம்மதக் கடிதம், முதல்வர் கையெழுத்து, பஸ்காரர் போன் நம்பர், இவ்வளவுதான் வழக்கம். ‘நாட்டின் அபாய நிலை’ என்று ஒரு கட்டம் வேறு இருக்கிறது. அமெரிக்கா மாதிரி நம் வெளியுறவு அமைச்சகம் 1, 2, 3, 4 என்று நிலை போடுவதில்லையே, அங்கே என்ன எழுதுவது?

2025 செப்டம்பரில் காத்மாண்டு எரிந்ததை டிவியில் பார்த்த பெற்றோர் ‘அங்கேயா போறீங்க’ என்கிறார்கள். அவர்களிலேயே சிலர் முக்திநாத் என்று கேட்டதும் ‘சாளக்கிராமம் ஆச்சே, 108 திவ்ய தேசத்தில் ஒன்று, கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்க’ என்றும் சொல்கிறார்கள். துறைத்தலைவரோ ‘எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு போட்டு அனுப்பும்மா’ என்கிறார். அப்படி அனுப்ப மனசு வரவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

மழைக்கோட்டு எழுதியது:

டீச்சர், நான் பிரிட்டனில் வேறொரு பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரிப் படிவங்களைப் படித்து ‘போகலாம், போகக்கூடாது’ சொல்கிற பிரிவில் இருக்கிறேன், அதனால் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த எண்களை நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ‘என்ன செய்வீர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதைத்தான் படிப்போம். அதில் ‘மாணவர்கள் கவனமாக இருக்க அறிவுறுத்தப்படுவார்கள்’ என்று இருந்தால் நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன், ஏனென்றால் அது எதையும் தடுக்காது. ‘மாலை 5 மணிக்கு மேல் வண்டி ஓடாது, நேரம் ஆகிவிட்டால் வழியில் எங்கே தங்குவோம் என்று ஊர்ப் பெயரோடு பட்டியல் இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும்.

நாட்டின் அபாய நிலை என்ற கட்டம் பெரும்பாலும் இன்சூரன்ஸுக்காக. பிரிட்டன் வெளியுறவுத் துறை ஒரு இடத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அங்கே போகிறவரின் பாலிசி செல்லாமல் போய்விடலாம், அதுதான் அவர்கள் கவலை. நீங்கள் அவர்கள் அரசின் அறிவுரை, நம் தூதரகம் கடைசியாக வெளியிட்ட அறிவிப்பு, இரண்டையும் தேதியோடு எழுதி, புறப்படும் வாரத்தில் மறுபடி பார்ப்பதாகச் சொன்னால் போதும். ‘நேபாளம்’ என்று ஒரே வரியில் மதிப்பிடுவதில் பயனே இல்லை. காத்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலில் ஹோட்டல் அறையில் கருத்தரங்கு நடத்துகிறவருக்கும், ஜீப்பில் காளி கண்டகி ஏறுகிறவருக்கும் நாடு ஒன்றுதான், ஆபத்து ஒன்றல்ல. எந்த நாள், எந்தச் சாலை, எந்த உயரம், ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று நாள்வாரியாகப் போட்டுக்கொண்டு எழுதுங்கள். 2021ல் வந்த ஐஎஸ்ஓ 31030 என்ற பயண அபாயத் தரமும் சாரத்தில் இதைத்தான் கேட்கிறது, விலை கொடுத்து வாங்கிப் படிக்கத் தேவையில்லை.

செப்டம்பர் விஷயத்துக்கு வருகிறேன். 4ஆம் தேதி வாட்ஸ்அப், ஃபேஸ்புக் உட்பட 26 தளங்களை அரசு முடக்க உத்தரவிட்டது. 8ஆம் தேதி போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு, அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். 9ஆம் தேதி நாடாளுமன்றமும் அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்தன, பிரதமர் ஒலி ராஜினாமா, விமான நிலையம் மூடல், ஹில்டன் ஹோட்டலே தீக்கிரையானது. மறுநாளே விமான நிலையம் திறந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் மாணவர் குழு செய்ய வேண்டியது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருப்பதுதான், ஏர்போர்ட்டைப் பார்த்து ஓடுவது அல்ல. அப்படி மூன்று நாள் அடைந்து கிடக்கக் கையில் ரொக்கம், மருந்து, சாப்பாடு இருக்கிறதா, தங்குமிடம் அரசு அலுவலகங்களுக்குப் பக்கத்தில் இல்லாமல் இருக்கிறதா, இதை எழுதுங்கள். அப்புறம் முக்கியமாக, உங்கள் தகவல் தொடர்புத் திட்டம் ‘வாட்ஸ்அப் குரூப்’ மட்டும்தான் என்றால் முடக்கம் வந்த அன்றே திட்டம் போச்சு. எல்லோரிடமும் உள்ளூர் சிம், எண்கள் அச்சடித்த ஒரு தாள், தினமும் குறித்த நேரத்தில் கல்லூரிக்கு ஒரு எஸ்எம்எஸ், அது வராவிட்டால் இங்கிருந்து யார் யாரைக் கூப்பிடுவது என்ற வரிசை.

இன்னொன்றை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு கல்லூரி, இரண்டு தலைவர் என்றால் ‘வேண்டாம், திரும்பலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? எங்கள் ஊர்ப் பேராசிரியர்கள் சிலருக்கு மலையைக் கண்டால் கால் நிற்காது, விருந்தினர் மனம் கோணக்கூடாது என்று நம் ஆட்கள் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டு தலைவர்களில் எவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம், காரணம் கேட்டு விவாதம் செய்வதெல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கருங்கல் டீச்சர் எழுதியது:

ரொம்ப நன்றி சார். ஒரு சந்தேகம். காத்மாண்டு-பொக்காரா சாலை படு மோசம் என்கிறார்கள், அதனால் விமானத்தில் போய்விடலாம் என்று நாங்கள் சொன்னோம். அவர்கள் ‘நேபாள விமானம் கூடாது’ என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டார்கள். சாலையில் போவதை விட விமானம் பாதுகாப்பில்லையா?

மழைக்கோட்டு எழுதியது:

அது அவர்கள் தனிப்பட்ட முடிவாக இருக்காது. நேபாளத்தில் பதிவான விமான நிறுவனங்கள் எல்லாமே 2013லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன, பிரிட்டனும் அதே தடையை வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் பொக்காராவில் இறங்கப்போன எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 72 பேரும் போனார்கள், 2024 ஜூலையில் காத்மாண்டுவிலேயே இன்னொன்று. டெல்லியிலிருந்து காத்மாண்டு வரை ஏர் இந்தியாவோ இண்டிகோவோ பிடிக்கலாம், உள்ளூருக்குள் நேபாள நிறுவனங்கள் மட்டும்தான். ஆக, சாலை. அதற்காகச் சாலை பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை.

கண்டகிக்காரன் எழுதியது:

சாலையைப் பற்றி நான் சொல்கிறேன், அந்தப் பக்கம் களப்பணிக்காகப் பல வருடம் அலைந்தவன். மேடம், உங்கள் படிவத்தில் கலவரத்துக்கு அரைப் பக்கம் எழுதினால் சாலைக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள். 2024 ஜூலை 12 அதிகாலை சிமல்தால் பக்கம் மண்சரிவு இரண்டு இரவு பஸ்களை அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகளோடு திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. அடுத்த மாதமே பொக்காராவிலிருந்து காத்மாண்டு போன இந்தியப் பயணிகள் பஸ் மர்ஸ்யாங்டி ஆற்றில் விழுந்து 27 பேர். இரண்டும் மழைக்காலம். நவம்பர் என்றால் அந்த வகையில் நல்ல மாதம்தான், ஆனாலும் இரவுப் பயணம் கூடவே கூடாது. டூரிஸ்ட் பஸ்ஸில் சீட் போடாமல் தனி வண்டி பிடியுங்கள், நிறுத்து என்றால் நிற்கும். பொக்காராவுக்கு அப்பால் பேனி என்ற ஊர் தாண்டி மேலே ஜீப்தான், கூரை மேல் ஆளோ பாறை மூட்டையோ ஏற்ற விடாதீர்கள்.

அடுத்தது உயரம், வேகமாக ஏறினால் வரும் மலை நோய். இதை நம் ஊர்க்காரர்கள் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் முக்திநாத்துக்கு நம் ஆட்கள் பெரும்பாலும் நடந்து போவதில்லை, வண்டி போகிறது. பொக்காரா சுமார் 800 மீட்டர், முக்திநாத் 3,700க்கும் மேலே. நம் ஊட்டியே 2,240 மீட்டர்தான். காலையில் பொக்காராவில் இட்லி தேடி அலைந்துவிட்டு இருட்டும்போது முக்திநாத்தில் படுக்கலாம் என்று ஜீப்காரர்கள் ஆசை காட்டுவார்கள், யாத்திரைக் குழுக்கள் அப்படிப் போவதும் உண்டு. நீங்கள் செய்யாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொது விதி. தாதோபானியில் ஒரு ராத்திரி, மார்பா அல்லது ஜோம்சோமில் இரண்டு ராத்திரி, அப்புறம் காலையில் முக்திநாத் போய் அம்மோனைட்டும் (கல்லாகிப்போன பழைய கடல் உயிரி) பார்த்து, பெருமாளையும் சேவித்து, மதியமே இறங்கிக் காக்பேனியில் படுங்கள். மேலே தங்க வேண்டாம். கோவிலில் 108 தாரை உண்டு, ஐஸ் தண்ணீர், பையன்கள் பந்தயம் கட்டிக்கொண்டு ஓடுவார்கள், அந்த உயரத்தில் ஓட்டம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தலைவலி வந்தால் மாணவர்கள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சார் கீழே அனுப்பிவிடுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதனால் நீங்கள் காத்திருக்காமல் காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: தலைவலி உண்டா, சாப்பிட்டாயா, வாந்தியா, தூங்கினாயா. சந்தேகம் என்றால் தரையில் ஒரு நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் பேச்சே இல்லை, அந்த நிமிடமே வண்டியில் ஏற்றிக் கீழே. இருமலோடு படுத்த இடத்திலும் மூச்சு வாங்கினாலும் அப்படியே. மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருக்கிறவர் யார் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வானிலைக்கு ஒரு குறிப்பு. வங்கக்கடலில் புயல் என்றால் நமக்கு நாகப்பட்டினம், கடலூர்தான் ஞாபகம் வரும். 2014 அக்டோபர் 12 விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாளில் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாக இறங்கி நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், நிறையப் பேர் முக்திநாத்துக்கு நேர் மேலே இருக்கும் தோரோங் கணவாயில். நவம்பரில் வங்கக்கடலில் ஏதாவது சுழன்றால் அது வடக்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஆறு. இதை எந்த ரெடிமேட் படிவத்திலும் பார்த்ததில்லை, நிலவியல்காரர்களுக்கு மட்டும் உள்ள ஆபத்து. நல்ல பாறை ஆற்றுப்படுகையில்தான் கழுவி வைத்த மாதிரி தெரியும், அதனால் நாம் எல்லோரையும் அங்கே இறக்கிவிடுவோம். திரிசூலி, காளி கண்டகி இரண்டிலும் நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. 2014 ஜூன் 8 ஹிமாச்சலில் பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் போனது ஞாபகம் இருக்கும். பாறை மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தார்கள், கரை ஏற நேரமில்லை. உயர் நீதிமன்றம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் தரச் சொன்னது, மின்வாரியத்தோடு கல்லூரியும் பங்கு கட்ட வேண்டும் என்று. ஆகவே படுகையில் இறங்கும் முன் மேலே அணை உண்டா, எப்போது திறப்பார்கள் என்று உள்ளூரில் கேளுங்கள். ஒரு ஆள் பாறையைப் பார்க்காமல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு கையில் விசிலோடு நிற்க வேண்டும். நீர் கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, முதலில் மேலே ஏறு, கேள்வி அப்புறம்.

பாலிசி பாண்டியன் எழுதியது:

இன்சூரன்ஸ் பற்றி இரண்டு வார்த்தை, என் தொழிலே அதுதான். நேபாளத்துக்கு வாக்காளர் அட்டை போதும் என்பதால் நிறையப் பேர் பாஸ்போர்ட் இல்லாமல் போகிறார்கள் (ஆதாரைக் காட்டினால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள், அது வேறு கதை). ஆனால் வெளிநாட்டுப் பயண பாலிசிக்குப் பெரும்பாலும் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். எல்லோரையும் இப்போதே பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். பாலிசி எடுக்கும்போது ஏஜெண்டிடம் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: நேபாளம் சேருமா, இத்தனை மீட்டர் உயரத்துக்குச் செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, கலவரத்தால் பயணம் நீண்டால் என்ன.

ஹெலிகாப்டர் விஷயத்தில் உஷார். லேசான தலைவலிக்கெல்லாம் ஹெலிகாப்டரை வரவழைத்து, இன்சூரன்ஸில் கொழுத்த பில் போட்டு, வழிகாட்டி முதல் ஆஸ்பத்திரி வரை பங்கு பிரித்துக்கொண்ட மோசடி அங்கே பெரிதாக வெடித்தது, 2018ல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. அதனால் இப்போது இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்கு முதலில் போன் போடாமல் ஹெலிகாப்டர் கூப்பிட்டால் பணம் தர இழுத்தடிப்பார்கள். உயிர் போகிற நேரத்தில் கூப்பிட்டுவிடுங்கள், அது வேறு. அந்த எண் எல்லோர் பர்ஸிலும் இருக்கட்டும், டீச்சர் போனில் மட்டும் இருந்து, டீச்சரே மயங்கி விழுந்தால்?

ஒரு அப்பா எழுதியது:

இதை எல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. என் பெண் வேறொரு கல்லூரியில் படிக்கிறாள். ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளை நீட்டி எங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதற்கு அப்புறம் எதற்கு இந்த அசெஸ்மென்ட் எல்லாம்? அவர்களைத்தான் யாரும் கேட்க முடியாதே?

மழைக்கோட்டு எழுதியது:

ஐயா, அந்தத் தாளை நம்பிக் கல்லூரிகள் நிம்மதியாகத் தூங்க முடியாது. வெளிநாட்டு உதாரணம் ஒன்று, இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. அமெரிக்காவில் ஹாட்ச்கிஸ் என்ற பள்ளி 2007ல் மாணவர்களைச் சீனாவுக்கு அழைத்துப் போனது, அங்கே ஒரு மலையில் உண்ணி கடித்து ஒரு மாணவிக்கு மூளைக்காய்ச்சல் வந்து பேச்சே போய்விட்டது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தும் 2013ல் ஜூரி 41.5 மில்லியன் டாலர் இழப்பீடு சொன்னது, அது மேல்முறையீட்டிலும் நின்றது. பூச்சிக்கடி பற்றி எச்சரித்து, மருந்து பூசிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கே. இந்தியச் சட்டம் வேறு, அதை வக்கீலிடம் கேளுங்கள், ஆனால் மேலே நண்பர் சொன்ன பியாஸ் தீர்ப்பு இந்தியாவில் வந்ததுதான். கையெழுத்து கேட்டால் போடுங்கள், போடும் முன் அந்த மதிப்பீட்டின் நகல் ஒன்றைக் கேளுங்கள். ‘அப்படி எதுவும் இல்லையே’ என்றால் பெண்ணை அனுப்பலாமா என்று அப்போது யோசிக்கலாம்.

சோளக்காட்டு_பொண்ணு எழுதியது:

நான் இந்த மாதிரி ஒரு களப்பயிற்சிக்கு மாணவியாகப் போனவள், இங்கே யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். பாத்ரூம். காலை ஏழு மணிக்கு வண்டி ஏறினால் மதியம் வரை திறந்த மலைச்சாலை, பையன்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள், நாங்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்போம். உயரமான இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலியும் மயக்கமும் வரும், அதைப் பார்த்து ‘பெண்களுக்குத் தாங்காது’ என்று ஒரு பேச்சு வரும். ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் எங்கே நிறுத்துவது என்று கடை, லாட்ஜ் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள் மேடம். நாப்கின் பொதுப்பெட்டியில் இருக்கட்டும், கேட்டு வாங்குகிற மாதிரி இல்லாமல்.

அடுத்தது குழுவுக்குள்ளேயே வரும் தொல்லை. ஊர்க்காரனைப் பார்த்துப் பயப்படச் சொல்வார்கள், கூட வருகிற ஆளைப் பற்றிப் பேச மாட்டார்கள். இரண்டு நாட்டு மாணவர்கள், ராத்திரி குடி இருக்கும், சீனியர் இருப்பார், வழிகாட்டி இருப்பார். அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, புகார் சொல்ல ஒரு பெண் ஆசிரியர், அவரைப் பற்றியே புகார் என்றால் ஊரில் இன்னொருவர், இரண்டு பெயரும் எண்ணும் புறப்படும் முன்பே எல்லோருக்கும் தெரிய வேண்டும். இதற்கு ஒன்று முதல் ஐந்தில் எந்த எண் போடுவது என்று எனக்குத் தெரியாது, ஆனால் படிவத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

கருங்கல் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து நாள்வாரியாக எழுத ஆரம்பித்துவிட்டேன். முக்திநாத்தில் தங்குவதை எடுத்துவிட்டேன், துறைத்தலைவர் முகம் சுளித்தார், பரவாயில்லை. யார் வேண்டாம் என்றாலும் வேண்டாம் என்ற விதிக்கு பிரிட்டன் பேராசிரியர் உடனே சரி சொல்லிவிட்டார், எனக்கே ஆச்சரியம். அவர் தம்மிடம் சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கார்மின் கருவி இருக்கிறது, சிக்னல் இல்லாத இடத்தில் உதவும், கொண்டுவருகிறேன் என்கிறார். முதலில் எங்கள் கல்லூரிக்கு வந்து ஒரு சொற்பொழிவு கொடுத்துவிட்டு, எங்களோடு சேர்ந்தே புறப்படுகிறார்.

மழைக்கோட்டு எழுதியது:

ஐயோ, அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ அந்த மாதிரி கருவியோ இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்தில் அதற்காகவே வெளிநாட்டுப் பயணிகளைப் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு அது மலையேறும் சாமான், நம் செக்யூரிட்டிக்கு அப்படி இல்லை. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். காத்மாண்டுவில் உங்கள் ஏற்பாட்டாளரிடம் அனுமதியோடு அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் எந்த நெட்வொர்க் எந்த ஊரில் கிடைக்கும் என்று விசாரித்து இரண்டு கம்பெனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்டகிக்காரன் எழுதியது:

சிம் இரண்டும் வாங்குங்கள், ஒன்று தூங்கினால் இன்னொன்று எழும். மேடம், டிரைவர்களுக்கு ராத்திரி தங்க அறையும் சாப்பாடும் பட்ஜெட்டில் இருக்கிறதா? அந்தப் பக்கம் ஜீப்காரர்கள் குளிரில் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுத்துவிட்டுக் காலையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். படிவத்தில் சாலை என்று இருக்கும் வரிக்கு நேரே அதை எழுதி, பணத்தை பிரிட்டன்காரர்கள் பக்கம் கேளுங்கள், பாதுகாப்புச் செலவு என்று போட்டால் பெரும்பாலும் தருவார்கள்.